1 கோடியே 20 லட்சத்தில் ஒன்று: யாரும் எண்ணிப் பார்க்காத தம்பதிகள்

பின்னணி

1964-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு மூதாட்டியின் கைப்பை பறிபோனது. பையில் இருந்த பணம் 35-லிருந்து 40 டாலருக்குள். அந்தச் சின்ன வழிப்பறி நான்கு ஆண்டுகள் கழித்து கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே நீதிபதிகள் தீர்ப்போடு ஒரு கணிதப் பின்னிணைப்பையும் எழுதினார்கள்.

புள்ளியியல் அறிமுக வகுப்பில் பெருக்கல் விதி, சார்பின்மை, நிபந்தனை நிகழ்தகவு, சமவாய்ப்பு மாறி என்று தனித்தனி அத்தியாயங்களாக வருவதெல்லாம் இந்த ஒரே வழக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. பகடையும் சீட்டுக்கட்டும் வைத்து நடத்தும்போது மாணவர்களுக்குக் கணக்கு பிடிபட்டுவிடும். அந்தக் கணக்கை எங்கே போடக்கூடாது என்பது பிடிபடாது. அதற்காகத்தான் இந்த வழக்கை முழுவதுமாக எழுதி வைக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் தேவையில்லை என்பதால் தரவில்லை.

சந்தில் நடந்தது

1964 ஜூன் 18, காலை சுமார் 11.30 மணி. நகரின் சான் பெட்ரோ பகுதியில் கடைக்குப் போய்விட்டு ஒரு சந்து வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தார் அந்த மூதாட்டி. ஒரு கையில் கைத்தடி. பின்னால் இழுத்து வந்த பிரம்புக் கூடையில் மளிகைச் சாமான், அதன் மேல் கைப்பை. கீழே கிடந்த காலி அட்டைப்பெட்டி ஒன்றை எடுக்கக் குனிந்தபோது யாரோ தள்ளிவிட, விழுந்தார். தள்ளியவர் வந்ததை அவர் பார்க்கவில்லை, காலடிச் சத்தமும் கேட்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தபோது ஓர் இளம்பெண் ஓடிக்கொண்டிருந்தாள். ஏறத்தாழ 145 பவுண்டு எடை இருக்கும், கருமையான உடை, பொன்னிற முடி என்பதுதான் அவரால் சொல்ல முடிந்தது. முகத்தைப் பார்க்கவில்லை.

சந்து முடியும் தெருவில் குடியிருந்த ஒருவர் தன் வீட்டுப் புல்தரைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அலறல் கேட்டுத் திரும்பியவர், சந்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்து எதிரில் நின்ற மஞ்சள் காரில் ஏறுவதைப் பார்த்தார். கார் உடனே கிளம்பியது. குறுகிய தெருவில் நின்றிருந்த இன்னொரு வண்டியை விலக்கிக்கொண்டு போனதால் இவருக்கு ஆறடி தூரத்தில் கடந்தது. ஓட்டியவர் மீசையும் தாடியும் வைத்த கறுப்பின ஆண். ஓடிவந்த பெண் வெள்ளையர், ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல் உயரம், முடியைக் குதிரைவால் சடையாகக் கட்டியிருந்தாள், கருமையான உடை.

சில நாட்களில் போலீஸ் ஒரு தம்பதியை வந்தடைந்தது. அந்த மாதம் 2-ஆம் தேதிதான் திருமணமானவர்கள். கணவர் கறுப்பினத்தவர், மனைவி வெள்ளையர். மனைவிக்குப் பொன்னிற முடி, குதிரைவால் சடை. வீட்டு வாசலில் மஞ்சள் கார்.

வழக்கின் பலவீனம்

நீதிமன்றத்துக்கு வந்தபோது அடையாளம் காட்டும் விஷயத்தில் அரசுத் தரப்பு திணறியது. மூதாட்டியால் அந்தப் பெண்ணை அடையாளம் காட்ட முடியவில்லை, கணவரை அவர் பார்த்ததே இல்லை. புல்தரைக்காரர் விசாரணையின்போது கணவரை அடையாளம் காட்டினார். ஆனால் சம்பவத்துக்குப் பிறகு போலீஸ் நடத்திய அடையாள அணிவகுப்பில் தாடி இல்லாமல் நின்ற அதே ஆளை அவரால் உறுதியாகச் சொல்ல முடியாமல் போயிருந்தது. அன்று மனைவி வெளிர்நிற உடைதான் உடுத்தியிருந்தார் என்று எதிர்த்தரப்பு சாட்சியம் வைத்தது. பார்த்த இருவருமோ கருமையான உடை என்றார்கள்.

மறுபக்கமும் வெறுமையாக இல்லை. மனைவி வீட்டுவேலை செய்த இடம் சான் பெட்ரோவிலேயே இருந்தது. அன்று 11.30 மணி வாக்கில் கணவர் வெளிர்மஞ்சள் காரில் வந்து அவரை அழைத்துப் போனதாக வேலை கொடுத்தவரே சொன்னார். அங்கிருந்து நேராக நண்பர்கள் வீட்டுக்குப் போய்ப் பல மணி நேரம் இருந்தோம் என்றார்கள் தம்பதியர்.

ஆக, சந்தேகப்பட இடம் உண்டு, உறுதிக்கு இடம் போதவில்லை. அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது என்பதுதான் அரசு வழக்கறிஞர் முன்னால் இருந்த கேள்வி.

எடுத்த முடிவு: கணித ஆசிரியரை அழைப்பது

அரசு வழக்கறிஞர் ஒரு மாநிலக் கல்லூரியின் கணித ஆசிரியரைச் சாட்சியாக அழைத்தார். ஒன்றையொன்று சாராத பல நிகழ்ச்சிகள் சேர்ந்து நடப்பதற்கான நிகழ்தகவு, அவற்றின் தனித்தனி நிகழ்தகவுகளின் பெருக்கற்பலன் என்று ஆசிரியர் விளக்கினார். உதாரணத்துக்குப் பகடை. ஒருமுறை உருட்டி 2 விழ ஆறில் ஒன்று, அடுத்தடுத்து இரண்டு முறையும் 2 விழ 36-ல் ஒன்று. இதில் தவறே இல்லை. முதல் உருட்டலில் என்ன விழுந்தது என்பது பகடைக்கு ஞாபகம் இருக்காது, அதனால் பெருக்கலாம்.

அதன் பிறகு அரசு வழக்கறிஞர் தானே எண்களைக் கொடுத்து, இவற்றை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஓரளவேனும் மஞ்சள் நிறமுள்ள கார் 10-ல் 1. மீசை வைத்த ஆண் 4-ல் 1. குதிரைவால் சடை போட்ட பெண் 10-ல் 1. பொன்னிற முடிப் பெண் 3-ல் 1. தாடி வைத்த கறுப்பின ஆண் 10-ல் 1. காரில் போகும் கலப்பினத் தம்பதி 1,000-ல் 1.

பெருக்கினால் 1 கோடியே 20 லட்சத்தில் 1.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆட்சேபித்தார். ஆதாரமில்லாத ஊகத்தின் மேல் நிற்கும் கணக்கு இது, ஜூரி (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) செய்யவேண்டிய வேலையை இது பறிக்கிறது என்றார். இந்தச் சாட்சியத்தை நீக்கக் கோரியதும் ஏற்கப்படவில்லை. எண்கள் விளக்கத்துக்காகத்தான், ஜூரிகள் விரும்பினால் தங்கள் சொந்த மதிப்பீடுகளைப் போட்டுக்கொள்ளலாம் என்பது அரசுத் தரப்பின் சமாதானம். ஆனால் இறுதி வாதத்தில் அந்த அடக்கம் இல்லை. தன் எண்கள் குறைத்தே போட்டவை என்றும், இந்தத் தம்பதியைத் தவிர வேறொருவர் இத்தனை ஒற்றுமைகளோடும் அங்கே இருந்திருப்பதற்கான வாய்ப்பு உண்மையில் 100 கோடியில் ஒன்று போல இருக்கும் என்றும் சொன்னார்.

இந்த முடிவை அவர் எடுத்தது ஏன் என்பது எனக்குப் புரிகிறது. சாட்சிகள் தயங்கும்போது எண் தயங்காது. ஆறு சாதாரணப் பின்னங்கள், ஒவ்வொன்றும் கேட்டால் நியாயமாகவே தோன்றும். அவற்றைப் பெருக்கியதும் யாரும் எதிர்த்துப் பேச முடியாத ஒரு பெரிய எண் வந்து நிற்கிறது.

ஜூரி முடிவு

1964 நவம்பர் 24 பிற்பகல் 2.46-க்கு ஜூரிகள் கலந்துபேசத் தொடங்கினார்கள். இரவு 7.46-க்கு நிறுத்தினார்கள். ஒருவருக்கு உடல்நிலை சரியில்லாமல் போகவே, மீதி 11 பேர் முடிவு சொன்னால் போதும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. மறுநாள் காலை 8.40-க்குத் தொடர்ந்து, 11.58-க்கு வந்து சொன்னார்கள்: இருவரும் குற்றவாளிகள். இடையில் ஐந்து முறை வாக்கெடுத்திருந்தார்கள்.

ஐந்து வாக்கெடுப்பு என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். எட்டு மணி நேரத்துக்கு மேல் பேசியும் எளிதில் ஒத்துப்போகாத ஜூரி அது. அப்படித் தடுமாறி நிற்பவர்களின் கையில் 1 கோடியே 20 லட்சம் என்ற எண் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

மேல்முறையீட்டில் வெளிவந்தவை

கணவர் மேல்முறையீடு செய்தார். மாநில உச்ச நீதிமன்றம் கணக்கை அடியிலிருந்து பிரித்துப் பார்த்தது.

முதல் கேள்வி, எண்கள் எங்கிருந்து வந்தன? எங்கிருந்தும் வரவில்லை. மஞ்சள் கார்கள் 10-ல் ஒன்று என்பதற்கு ஒரு பதிவேடும் காட்டப்படவில்லை. அவற்றில் அதிக பாரம் தாங்குவது 1,000-ல் 1 என்ற கடைசி எண். அதை எடுத்துவிட்டால் மீதி ஐந்தும் சேர்ந்து 12,000-ல் 1 மட்டுமே தருகின்றன. ஆயிரத்திலிருந்து கோடிக்குத் தூக்கிவிட்டது கலப்பினத் தம்பதி என்ற அந்த ஒரு பின்னம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அப்படிப்பட்ட திருமணமே சட்டவிரோதமாக இருந்த காலம் அது. கலிபோர்னியாவில் 1948-லேயே தடை நீங்கிவிட்டது, நாடு முழுவதும் நீங்கியது 1967-ல். ஒரு தம்பதியின் தோல்நிறத்தைத்தான் அந்த எண் குற்றக் கணக்கில் இத்தனை கனமாக ஏற்றியது என்பதை வகுப்பில் மாணவர்கள் முன்னால் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வருவதில்லை.

இரண்டாவது கேள்வி, பெருக்கியது சரியா? ஆசிரியர் ‘ஒன்றையொன்று சாராத’ என்று நிபந்தனையைச் சொல்லித்தான் விதியைச் சொன்னார். அந்த நிபந்தனை இங்கே பொருந்துகிறதா என்று பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. தாடி வைப்பவர்களில் பெரும்பாலோர் மீசையும் வைக்கிறார்கள். மீசைக்குத் தனியாக 4-ல் 1, தாடிக்குத் தனியாக 10-ல் 1 என்று இரண்டையும் பெருக்கி 40-ல் 1 என்றால், ஒரே முகத்தை இரண்டு தடவை கணக்கில் எழுதியதாகிறது.

நம் ஊர்ப் பக்கத்து உதாரணம் ஒன்று சொன்னால் இது உடனே விளங்கும். ஒரு கூட்டத்தில் நெற்றி நிறையத் திருநீறு பூசியவர் 10-ல் 1 என்று வைத்துக்கொள்வோம், கழுத்தில் உருத்திராட்சம் போட்டவர் 50-ல் 1. அப்படியானால் இரண்டும் உள்ளவர் 500-ல் 1 என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா? உருத்திராட்சம் போட்டவரின் நெற்றியைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். அங்கே பெருக்கவேண்டியது திருநீற்றின் பொது நிகழ்தகவை அல்ல, உருத்திராட்சம் போட்டவர்களுக்குள் திருநீறு பூசியவர்களின் விகிதத்தை. அது 1-க்குப் பக்கத்தில் இருக்கும். பெருக்கல் விதியின் முழு வடிவம் இதுதான்: முதல் நிகழ்ச்சியின் நிகழ்தகவு, பெருக்கல், முதலாவது நடந்திருக்கும் நிலையில் இரண்டாவதன் நிகழ்தகவு. சாராத நிகழ்ச்சிகளில் மட்டும் இந்த நிபந்தனை நிகழ்தகவு சாதாரண நிகழ்தகவுக்குச் சமமாகிறது. சுருக்க வடிவத்தை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டு முழு வடிவத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளும் பாடத்திட்டங்களை நான் விரும்பாததற்கு இந்த வழக்கே காரணம்.

தாடியும் மீசையும் முழுவதும் ஒட்டியே வரும் என்று எடுத்துக்கொண்டால் 4-ல் 1 என்ற பின்னம் கணக்கிலிருந்தே விழுந்துவிடும். 1 கோடியே 20 லட்சம் 30 லட்சமாகச் சுருங்கும். மற்றவற்றையும் இப்படியே பார்க்கவேண்டும். கறுப்பின ஆண், பொன்னிற முடிப் பெண், கலப்பினத் தம்பதி ஆகிய மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருப்பவை.

மூன்றாவதாக, சாட்சிகள் கண்டதே தவறாக இருந்தால்? தாடி ஒட்டுத்தாடியாக இருந்தால்? பெருக்கற்பலனில் அதற்கு இடமே இல்லை. எல்லாப் பின்னங்களும் ‘குற்றவாளிகளிடம் இந்த அடையாளங்கள் நிச்சயம் இருந்தன’ என்ற அனுமானத்தின் மேல்தான் நிற்கின்றன. அணிவகுப்பில் தயங்கிய சாட்சி, ஒத்துப்போகாத உடை நிறம் ஆகிய இரண்டும் அந்த அனுமானத்தையே கேள்விக்குள்ளாக்குகின்றன.

கேட்கப்படாத கேள்வி

மேலே சொன்னவை எல்லாம் எண்ணின் அளவைப் பற்றிய குறைகள். நீதிமன்றம் அதற்கும் ஒரு படி மேலே போனது. சரி, 1 கோடியே 20 லட்சத்தில் 1 என்பதை அப்படியே ஒப்புக்கொள்வோம். அப்போதாவது குற்றம் நிரூபணமாகிறதா?

அந்த எண் சொல்வது இவ்வளவுதான்: யாரோ ஒரு தம்பதியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், அவர்களிடம் இந்த அடையாளங்கள் எல்லாம் இருப்பதற்கான நிகழ்தகவு. அரசு வழக்கறிஞர் ஜூரிகளுக்குக் கொடுத்த பொருளோ வேறு: இந்த அடையாளங்கள் உள்ள ஒரு தம்பதி குற்றமற்றவர்களாக இருப்பதற்கான நிகழ்தகவு. நிபந்தனையும் நிகழ்ச்சியும் இடம் மாறிவிட்டன. யானைக்கு நான்கு கால் என்பதால் நான்கு கால் உள்ளதெல்லாம் யானை ஆகாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பின்னங்களாக வரும்போது பெரியவர்களுக்கே தெரியாமல் போய்விடுகிறது.

இதைச் சரியாகக் கேட்க ஒரு சமவாய்ப்பு மாறி, அதாவது தற்செயலைப் பொறுத்து மதிப்பு மாறும் ஓர் எண், வேண்டும். குற்றம் செய்திருக்கக்கூடிய தம்பதிகளின் மொத்தத் தொகையில், இந்த அடையாளங்கள் எல்லாம் உள்ள தம்பதிகள் எத்தனை? அந்த எண்ணிக்கையை எக்ஸ் என்போம். எக்ஸ் 0 ஆகலாம், 1 ஆகலாம், 2, 3 என்றும் போகலாம். ஒவ்வொரு தம்பதியும் ஒரு முயற்சி, வெற்றி நிகழ்தகவு 1 கோடியே 20 லட்சத்தில் 1. முயற்சிகள் சாராதவை என்றால் எக்ஸ் ஈருறுப்புப் பரவலை (இத்தனை முயற்சிகளில் எத்தனை வெற்றி என்பதற்கான நிகழ்தகவுகளின் பட்டியல்) பின்பற்றும்.

பின்னிணைப்பில் மொத்தத் தம்பதிகளும் 1 கோடியே 20 லட்சம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அப்போது எக்ஸின் எதிர்பார்ப்பு மதிப்பு, அதாவது சராசரியாக எதிர்பார்க்கும் எண்ணிக்கை, 1. முயற்சிகள் ஏராளம், வெற்றி வாய்ப்பு மிகச் சிறியது, ஆகவே அரிதான நிகழ்ச்சிகளை எண்ணுவதற்கான பாய்சான் பரவல் இங்கே அச்சாகப் பொருந்துகிறது. எக்ஸ் 0 ஆக இருக்க 0.368, 1 ஆக இருக்கவும் 0.368, 2-க்கு 0.184, 3-க்கு 0.061, 4-ம் அதற்கு மேலும் 0.019.

அடையாளங்கள் பொருந்தும் ஒரு தம்பதி இருக்கிறார்கள் என்பது தெரிந்த விஷயம், அவர்கள்தான் கூண்டில் நிற்கிறார்களே. எனவே எக்ஸ் பூஜ்யம் என்ற வாய்ப்பை நீக்கிவிடுகிறோம். மீதி 0.632. அதற்குள் எக்ஸ் 2 அல்லது அதற்கு மேல் என்பதன் பங்கு 0.264. வகுத்தால் 0.418.

அதாவது, அரசுத் தரப்பின் எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அதே அடையாளங்களோடு இன்னொரு தம்பதியாவது இருப்பதற்கான நிகழ்தகவு 40 சதவீதத்துக்கு மேல். 1 கோடியே 20 லட்சத்தில் 1 என்பதற்குள்ளேயே இந்த 40 சதவீதமும் ஒளிந்திருந்தது. இதை வெளியே எடுக்கப் புதிய ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை. எதை எண்ணுகிறோம் என்று எழுதி வைத்திருந்தால் போதும்.

பின்னிணைப்பைப் பற்றி என் கருத்து

இந்தப் பின்னிணைப்பை முதன்முதல் படிக்கும் எவரும் மகிழ்ந்துபோவார்கள். நானும் மகிழ்ந்தேன். ஆனால் அதையும் மாணவர்கள் கேள்வி கேட்கவேண்டும்.

மொத்தத் தம்பதிகள் 1 கோடியே 20 லட்சம் என்பதற்கும் சாட்சியம் கிடையாது. விளக்கத்துக்கு எடுத்த எண் அது. அதை 60 லட்சம் ஆக்கினால் இன்னொரு தம்பதி இருக்கும் நிகழ்தகவு சுமார் 23 சதவீதமாக இறங்கும். 12 லட்சம் என்றால் சுமார் 5 சதவீதம்தான். எதிர்த்திசையில், மீசைப் பின்னத்தை நீக்கி 30 லட்சத்தில் 1 என்று வைத்து, மொத்தத்தை அப்படியே விட்டால் எதிர்பார்ப்பு மதிப்பு 4 ஆகும், நிகழ்தகவு 92 சதவீதத்தைத் தாண்டும். 5-க்கும் 92-க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கக்கூடிய விடை இது. நீதிமன்றத்தின் வாதத்தை இது பலவீனமாக்கவில்லை, அரசுத் தரப்பின் எண் எதையும் தாங்காது என்பதைத்தான் இன்னும் உறுதியாகக் காட்டுகிறது. ஆனால் 41 அல்லது 42 என்ற சதவீதத்தை ஒரு கண்டுபிடிப்பைப் போலத் தூக்கிப் பிடிப்பது தவறு.

இன்னொன்று, நிபந்தனை எது என்பது. பின்னிணைப்பு ‘குறைந்தது ஒரு தம்பதி இருக்கிறார்கள்’ என்று தொடங்குகிறது. நான் தொடங்கினால் குற்றம் செய்த தம்பதியிடமிருந்து தொடங்குவேன். சாட்சிகள் சரியாகப் பார்த்திருந்தால் அந்தத் தம்பதியிடம் இந்த அடையாளங்கள் இருக்கின்றன. அவர்களைத் தனியே நிறுத்திவிட்டு, மீதி 1 கோடியே 19 லட்சத்து 99 ஆயிரத்து 999 தம்பதிகளைப் பார்ப்போம். அவர்களில் யாரிடமும் இந்த அடையாளங்கள் இல்லாமல் இருக்க 0.368. குறைந்தது ஒருவரிடம் இருக்க 0.632. விடை 42-லிருந்து 63 சதவீதத்துக்குத் தாவுகிறது! அதே எண்கள், அதே பரவல். மாறியது, எது ஏற்கெனவே நடந்துவிட்டதாகக் கொள்கிறோம் என்பது மட்டும்.

இந்த இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது ஏன் என்று மாணவர்களை வாதாட விட்டால் நிபந்தனை நிகழ்தகவு வகுப்புக்கு வேறு எதுவும் வேண்டாம் என்பேன். முதல் கணக்கில் ‘ஏதோ ஒரு தம்பதி’ என்ற தகவல்தான் இருக்கிறது. இரண்டாவதில் ‘இந்தக் குறிப்பிட்ட தம்பதி’ என்ற தகவல் இருக்கிறது. தகவல் மாறினால் நிகழ்தகவு மாறும்.

தீர்ப்பும் அதன் பிறகும்

1968 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் கணவருக்கு எதிரான தீர்ப்பை ரத்து செய்தது. ஒரு நீதிபதி மாறுபட்டார். கணிதத்துக்கும் சட்டத்துக்கும் பகையில்லை, ஆனால் உண்மையைத் தேடும் ஜூரியின் மேல் கணிதம் மாயவித்தை காட்டிவிடக்கூடாது என்பது தீர்ப்பின் சாரம். அரசுத் தரப்பின் கணக்கில் இருந்த அடிப்படைப் பிழையைப் புரிந்துகொள்ளக்கூடிய வழக்கறிஞர்களே குறைவாகத்தான் இருப்பார்கள், ஜூரிகள் அதைவிடக் குறைவு என்றும் சொன்னார்கள். எட்டு மணி நேரமும் ஐந்து வாக்கெடுப்புகளும் எடுத்துக்கொண்ட நெருக்கமான வழக்கு இது, இந்த எண் இல்லாமல் முடிவு வேறாக இருந்திருக்கலாம் என்பதும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

சட்டக் கல்லூரிகளிலும் புள்ளியியல் வகுப்புகளிலும் இன்றுவரை இந்த வழக்கைப் படிக்கிறார்கள். அப்படியும் அதே பிழை திரும்ப வந்தது. 1999-ல் இங்கிலாந்தில் இரண்டு கைக்குழந்தைகளை இழந்த ஒரு தாய்மேல் தொடுக்கப்பட்ட கொலை வழக்கு விசாரணைக்கு வந்தது. அவர்களுடையதைப் போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்க 8,543-ல் 1 என்று மருத்துவ நிபுணர் ஒருவர் கூண்டில் சொன்னார். இரண்டு குழந்தைகள் என்றதும் அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, 7 கோடியே 30 லட்சத்தில் 1 என்றார். ஒரே தாய் தகப்பன், ஒரே வீடு, ஒரே மரபுவழி. அங்கே சார்பின்மையை எங்கே தேடுவது? 2001 அக்டோபரில் இங்கிலாந்தின் ராயல் புள்ளியியல் கழகம் இந்தக் கணக்குக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று பகிரங்கமாக அறிவித்தது. 2003 ஜனவரியில் தண்டனை ரத்தானது. அதற்கு முக்கியக் காரணம் மறைக்கப்பட்டிருந்த ஆய்வக முடிவுகள் என்றாலும், அந்த எண்ணையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டித்தது. அதற்குள் அந்தத் தாய் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார்.

மறுபடி நடந்தால் எதை மாற்றவேண்டும்

கணித ஆசிரியர் பொய் எதுவும் சொல்லவில்லை. விதியைச் சரியாகச் சொன்னார், கொடுத்த எண்களைச் சரியாகப் பெருக்கினார். ஆனால் எண்களை அனுமானமாக வைத்துக்கொள்ளச் சொன்னபோது, ‘இவை சாராத நிகழ்ச்சிகள் என்று எனக்குத் தெரியாது, தாடியும் மீசையும் அப்படி இல்லை என்றே நினைக்கிறேன்’ என்ற ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்திருக்கவேண்டும். நிபுணராக அழைக்கப்படுபவர் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லிவிட்டு இறங்கக்கூடாது. தன் விடை எந்த இடத்தில் செல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நம்மில் பலர் என்றாவது ஒருநாள் மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவர்கள்தான்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் ஆட்சேபணையோடு நிற்காமல் ஒரே ஒரு குறுக்குக் கேள்வி கேட்டிருக்கலாம்: ‘ஐயா, இப்படிப்பட்ட தம்பதிகள் இந்தப் பகுதியில் மொத்தம் எத்தனை பேர் இருக்கலாம்?’ பெருக்கல் தெரிந்த எவரும் அந்தக் கேள்விக்கு முன்னால் நின்று யோசித்தே ஆகவேண்டும். எக்ஸ் அங்கேயே பிறந்திருக்கும்.

வகுப்பில் நான் மாற்றிக்கொண்டதையும் சொல்கிறேன். சமவாய்ப்பு மாறியை ‘கூறுவெளியிலிருந்து மெய்யெண்களுக்குப் போகும் ஒரு சார்பு’ என்ற வரையறையோடு நான் இப்போது தொடங்குவதில்லை. அந்த வரையறை சரிதான், அப்புறம் வரும். முதலில் இந்த வழக்கின் ஆறு பின்னங்களைப் பலகையில் எழுதுகிறேன், மாணவர்களே பெருக்குகிறார்கள். எதை எண்ணுகிறீர்கள், எந்தக் கூட்டத்துக்குள் எண்ணுகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒவ்வொருவரும் ஒரு முழு வாக்கியமாகப் பதில் எழுதவேண்டும். எழுதிய பிறகுதான் பாய்சான் அட்டவணையைத் திறக்கிறோம்.

வழக்குக் கட்டில் ஒரு விஷயம் மட்டும் எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது. ஆறு பின்னங்களில் குதிரைவால் சடையும் பொன்னிற முடியும் மனைவியுடையவை. காரும் தம்பதி என்பதும் இருவருக்கும் பொது. ஒரே பெருக்கலில்தான் இருவரையும் குற்றவாளிகள் ஆக்கினார்கள். ஆனால் மேல்முறையீடு செய்தது கணவர் மட்டும். மனைவி செய்யவில்லை. 1968 மார்ச்சில் ரத்தானது கணவருக்கு எதிரான தீர்ப்பு மட்டுமே.